கதையில் பேசாதவர் யார்?

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எங்களை அழைத்தபோது, "டொக்டராக இருக்கிறீர்கள், பெண்களின் சுகாதாரம் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்றார்கள். நல்ல தலைப்புத்தான். ஆனால் இந்த மேடையில் ஏறும்போது ஞாபகத்துக்கு வந்தது பத்தாம் ஆண்டுத் தமிழ்ப் பாடவேளை. அதைப் பற்றியே பேச அனுமதி கேட்டோம். சுகாதாரமும் இடையில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வகுப்பில் நடந்தது ஒருத்தியின் கதை அல்ல. ஆகையால் இந்த உரை முழுவதும் "நாங்கள்" என்றே சொல்கிறோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வகுப்பில் நாற்பது பேருக்கு மேல் இருந்தோம். பொகவந்தலாவை, நோர்வூட், டிக்கோயா, மஸ்கெலியா, கொட்டகலை என்று எல்லாப் பக்கத்து பஸ்களிலிருந்தும் இறங்கி வந்தவர்கள். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள், தோட்டத்து ஸ்டாப் குவார்ட்டஸ் பிள்ளைகள், லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வெள்ளைச் சீருடையில் இருந்தோம். ஆனால் யார் எந்தப் பக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். மழை நாளில் சப்பாத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். "எந்த ஊர்?" என்று கேட்டால் எங்களில் பலர் "ஹட்டன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம். தோட்டத்தின் பெயரும் டிவிசனும் வாயில் வராது.

எங்கள் தமிழ் டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். பாடப்புத்தகத்தை முடித்துவிட்டு, மீதி நாட்களில் தன் பையிலிருந்து ஏதாவதொரு கதையை எடுப்பார். எங்களிடம் பிரதி இருக்காது. ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் கேட்க வேண்டும். இன்னொருத்தி மறுபடி வாசிப்பாள். அதற்குப் பிறகுதான் பேச்சு.

பேச்சுக்குச் சில விதிகள் இருந்தன. கதையில் என்ன நடந்தது என்று முதலில் சொல்ல வேண்டும், நல்லது கெட்டது பிறகு. ஒருத்தி சொன்னதை மறுக்க விரும்பினால், அவள் சொன்னதை அவளே ஒப்புக்கொள்ளும்படி ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கலாம். எதைச் சொன்னாலும் டீச்சர், "எந்த வரியிலை கிடக்கு, பிள்ளை?" என்று கேட்பார். வரியைக் காட்ட முடியாவிட்டால், அது கதையில் உள்ளதல்ல, நம் மனதில் உள்ளது. கடைசியாக ஒரு கேள்வி எப்போதும் வரும். "இந்தக் கதையிலை கதைக்காமலே இருக்கிற ஆள் ஆர்?"

அந்தக் கேள்வியின் அருமை அப்போது எங்களுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் எரிச்சலாகவே இருந்தது. பக்கத்து வகுப்பில் நோட்ஸ் கொடுத்தார்கள். எங்கள் கொப்பியில் கேள்விகள் மட்டும் இருந்தன. சில பெற்றோர் வந்து முறையிட்டதும் நினைவிருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் டீச்சரும் நோட்ஸ் கொடுத்தார். அவர் பரீட்சையை ஒருபோதும் அலட்சியம் செய்யவில்லை.

ஒரு நாள் என். எஸ். எம். இராமையாவின் "ஒரு கூடைக் கொழுந்து" வந்தது. 1980இல் அதே பெயரில் வெளிவந்த தொகுதியில் உள்ள கதை. மலையக இலக்கியம் என்று பேசும் எவரும் அதைத் தொடாமல் போக முடியாது. கொழுந்து பறிக்கும் ஓர் இளம்பெண் ஒரு நாள் மற்றவர்களைவிட மிக அதிகமாகப் பறித்துவிடுகிறாள். அது நேர்மையாகப் பறித்ததுதானா என்ற பேச்சு எழுகிறது. முழுக் கதையையும் சொல்லப் போவதில்லை. வாசிக்காதவர்கள் தேடி வாசியுங்கள்.

அன்று வாசிக்க எழுந்தவள் ஒரு லயத்துப் பிள்ளை. வகுப்பில் அதிகம் பேசாதவள். இரண்டாவது வரியிலேயே "கொளுந்து" என்று வாசித்தாள். நாங்கள் சிரித்தோம். சத்தமாக அல்ல, கொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு. அவள் நிறுத்திவிட்டாள்.

டீச்சர் ஏசவில்லை. "சிரிச்ச ஆக்களிலை ஆர் ஆர் கொழுந்து பறிச்சிருக்கிறியள்? இல்லாட்டி ஆற்றை வீட்டிலை பறிக்கினம்? கையைத் தூக்குங்கோ" என்றார்.

ஒரு கையும் எழவில்லை. எங்களில் பலருடைய அம்மாமார் அந்த நேரத்தில் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மழையில் நிரை பிடித்து நின்றார்கள். அந்தக் காசில் வாங்கிய சீருடையைப் போட்டுக்கொண்டு கையைக் கீழே வைத்திருந்தோம். இன்றைக்கும் எங்களில் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு அந்த இடத்துக்கு வந்து சற்று நிற்கும்.

வாசித்துக்கொண்டிருந்தவள் மட்டும், புத்தகம் இருந்த கையை மாற்றிக்கொண்டு, மற்றக் கையைத் தூக்கினாள்.

அதன் பிறகு டீச்சர் செய்ததுதான் எங்களுக்குப் பாடம். கதையில் நிறுவை பற்றி வருகிறது. "எனக்கு இந்த நிறுவைக் கணக்கு விளங்கேல்லை, ஆர் விளங்கப்படுத்துவியள்?" என்று கேட்டு, சோக்கை அவளிடம் கொடுத்துவிட்டு, முன் வாங்கில் எங்களோடு வந்து அமர்ந்தார். அவள் கரும்பலகையில் எழுதினாள். காலைக் கொழுந்து, பகல் கொழுந்து, அந்திக் கொழுந்து. ஒவ்வொரு தடவையும் கூடைக்கு இவ்வளவு கழிவு, இலை ஈரமென்றால் இன்னும் இவ்வளவு கழிவு. நாளுக்கு இத்தனை கிலோ வந்தால் ஒரு பேர். வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். கதையில் இறாத்தல், எங்கள் காலத்தில் கிலோ. அதையும் மாற்றிக் காட்டினாள். தன் அம்மா பறித்த கொழுந்துக்கும் செக்ரோலில் விழுந்த கொழுந்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மாதத்துக்குக் கூட்டிச் சொன்னாள். கணக்கில் அவள் கெட்டிக்காரி என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கதை அதற்குப் பிறகு வேறு கதையாகிவிட்டது. அதுவரை, "அந்தப் பெண் உண்மையிலேயே பறித்தாளா இல்லையா?" என்று வழக்காடிக்கொண்டிருந்தவர்கள், "பறித்தவளை ஏன் நிரூபிக்கச் சொல்கிறார்கள்? நிறுத்தவரை ஏன் யாரும் நிரூபிக்கச் சொல்வதில்லை?" என்று கேட்கத் தொடங்கினோம். அடுத்த பாடத்துக்கு மணி அடித்தும் எங்களுக்குப் பேச்சு முடியவில்லை.

அதற்கு அடுத்த கிழமைகளில் எங்கள் வகுப்பே மாறியது என்று சொன்னால் அது மிகை. ஆனால் சில விடயங்கள் நடந்தன. புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய "துன்பக்கேணி"யிலிருந்து சில பகுதிகளை டீச்சர் வாசித்தார். திருநெல்வேலிச் சீமைக் கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வரும் மருதியின் கதை. "இது எங்கட கதையா, இல்ல எங்களப் பத்தின கதையா?" என்று ஒருத்தி கேட்டாள். இரண்டு பாடவேளை அந்தக் கேள்விக்கே போனது. அக்கரையிலிருந்து இரக்கத்தோடு எழுதியதற்கும் இந்த மலையிலிருந்தே எழுதியதற்கும் என்ன வேறுபாடு என்று, எங்களுக்குத் தெரிந்த தமிழில் நாங்கள் தேடினோம். வாசித்த வரிகளில் எது எங்கள் வீட்டில் நடப்பது, எது நடக்காதது என்று ஒரு பட்டியலே போட்டோம்.

இன்னொரு முறை, வீட்டிலுள்ள பாட்டிமாரிடம் ஒரு பாட்டுக் கேட்டு எழுதி வரச் சொன்னார். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்டுச் சேகரித்த பாடல்கள் "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்று நூலாகி அப்போது பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. "படிக்கிற புள்ளைக்கு இதெல்லாம் என்னாத்துக்கு?" என்று எங்கள் பாட்டிமார் வெட்கப்பட்டார்கள். பிறகு அடுப்படியில் பாடினார்கள். அந்த சி. வி. 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர் என்று டீச்சர் சொன்னதும், "அப்ப நம்ம தாத்தாமாருக்கு வோட்டு இருந்திச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டில் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அதைப் பறித்தன. நாங்கள் சரித்திரப் புத்தகத்தில் வரிகளாகப் பாடமாக்கியிருந்த அந்தச் சட்டம், எங்கள் பாட்டியின் பெட்டிக்குள் இருந்த பழைய கடதாசிகளுக்கும் அவர் எப்போதும் பயந்துகொண்டு பேசியதற்கும் காரணம் என்று ஒரு தமிழ்ப் பாடத்தில்தான் விளங்கியது. நாடற்றவர் என்ற நிலைக்கு முற்றுப்புள்ளி வைக்கும் சட்டம் வந்தது 2003இல். அப்போது எங்களில் சிலர் பல்கலைக்கழகத்தில் இருந்தோம்.

இனிச் சுகாதாரம்.

மருத்துவம் படிக்கப் போன எங்களுக்கு நோயாளியின் வரலாற்றை எடுப்பது எப்படி என்று கற்பித்தார்கள். எத்தனை நாளாக, எந்த இடத்தில், எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது. நல்ல முறைதான். ஆனால் ஒரு காலைக் கிளினிக்கில் நூறு பேர் வரிசையில் நிற்கையில், அந்தக் கேள்விகளுக்கு "ஆம், இல்லை" என்ற பதில் வந்தாலே போதும் என்று ஆகிவிடும்.

நாங்கள் வேலை செய்த ஓர் ஆஸ்பத்திரியில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா சிறுநீர்த் தொற்றோடு திரும்பத் திரும்ப வந்தார். மருந்து கொடுப்போம், சுகமாகும். ஆறு கிழமையில் மறுபடி வருவார். ஒவ்வொரு முறையும், "தண்ணி நல்லாக் குடிக்கணும், அக்கா" என்று சொல்வோம். அவர், "சரிங்க டொக்டரம்மா" என்று தலையாட்டுவார். மூன்றாம் முறை அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது, எங்கள் கையெழுத்திலேயே "அறிவுரையைப் பின்பற்றுவதில்லை" என்று எழுதியிருந்தது.

"எந்த வரியிலை கிடக்கு, பிள்ளை?" என்ற குரல் அப்போது கேட்டது. அந்த அக்கா அப்படி ஒரு வார்த்தை சொல்லவேயில்லை. அது எங்கள் மனதில் இருந்தது, அட்டையில் ஏறிவிட்டது.

பேனையை வைத்துவிட்டு, "அக்கா, காலையில எழும்புனதிலருந்து படுக்கிற வரைக்கும் ஒரு நாளைச் சொல்லுங்க" என்றோம். அவர் தயங்கினார். நாங்கள் பேசாமல் இருந்தோம். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு சொல்லத் தொடங்கினார். நாலு மணிக்கு எழும்பி ரொட்டி சுடுவது, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விடுவது, பெரட்டு, மலை, நிறுவை, மறுபடி மலை. "தண்ணி?" என்று கேட்டோம்.

"குடிச்சா எங்க போறது, டொக்டரம்மா? மலையில கக்கூசா இருக்கு? கங்காணி நிக்கிறாரு, ஆம்பளயாளுக நிக்கிறாங்க. அதான் காலையில இருந்து அந்திவரைக்கும் தொண்டையை நனைக்கிறதோட சரி."

அவர் எங்கள் அறிவுரையைக் கேட்காமலில்லை. அதை அவர் நின்ற இடத்தில் வைத்து யோசித்திருக்கிறார். நாங்கள்தான் யோசிக்கவில்லை. எங்களில் பலர் அந்த மலையில் வளர்ந்தவர்கள். எங்கள் அம்மாமாரும் அந்தியில் வீட்டுக்கு வந்து முதலில் செம்பைத்தான் தூக்குவார்கள். அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த எங்களுக்கே அது தோன்றவில்லை.

அதன் பின் காலையில் மலைக்குப் போகுமுன், பகலில் வீட்டுக்கு இறங்கும்போது, அந்தியில் என்று நேரம் பிரித்துத் தண்ணீர் குடிக்க அவருக்கு ஒரு வழி சொன்னோம். கொஞ்சம் உதவியது. மலையில் பெண்களுக்கு ஒரு மறைவிடம் வேண்டும் என்று எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இரண்டாவது கடிதத்துக்கும் வரவில்லை. இது வெற்றிக் கதை அல்ல. ஆனால் எங்கள் கிளினிக் அட்டைகளில் "பின்பற்றுவதில்லை" என்று எழுதும் முன் "ஏன்?" என்று ஒரு வரி எழுத வேண்டும் என்ற வழக்கம் அன்றிலிருந்து வந்தது.

உலகத்தில் இதை வேறு பலரும் கண்டிருக்கிறார்கள். நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரீட்டா ஷரோன் என்ற மருத்துவர், மருத்துவ மாணவர்களுக்குக் கதைகளை வாசித்து விவாதிக்கக் கற்பிப்பதையே ஒரு பயிற்சியாக வளர்த்தார். பிரேசிலில் பாவுலோ ஃபிரெய்ரே 1963இல் அங்கிக்கோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு எழுத்தறிவித்தபோது, அவர்களுடைய அன்றாடச் சொற்களை எடுத்து விவாதித்தே எழுத்துக்கு வந்தார். நம் மொழியிலும் இது புதிதல்ல. திருநெல்வேலியில் ரசிகமணி டி. கே. சி. வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்கள் கூடியிருந்து கவிதையை வாய்விட்டுப் படித்துப் பேசியே ருசித்தார்கள். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல், தொழிலாளரிடம் கேட்டறிந்ததை 1969இல் "ரெட் டீ" என்ற ஆங்கில நாவலாக எழுதினார். இரா. முருகவேளின் தமிழாக்கமான "எரியும் பனிக்காடு" பலரும் வாசித்ததே. அவரும் நோயாளியின் நோயோடு நின்றுவிடாமல், அதன் பின்னாலிருந்த கதையையும் கேட்டவர். எங்கள் டீச்சர் இவர்களில் யாரைப் படித்திருந்தார் என்று தெரியாது. பையில் ஒரு கதையும், கையில் 40 நிமிடமும் அவருக்குப் போதுமாக இருந்தன.

தங்கைமாரே, உங்களில் பலர் விஞ்ஞானப் பிரிவுக்குப் போவீர்கள். தமிழை சாதாரண தரத்தோடு முடிந்த பாடமாக நினைப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மற்றவர் சொன்னதை முதலில் சரியாகத் திருப்பிச் சொல்வது, வரியைக் காட்டிப் பேசுவது, பேசாதவரைத் தேடுவது ஆகிய மூன்றையும் எங்களுக்கு வேறெந்தப் பாடமும் கற்றுத் தரவில்லை. வழக்கறிஞரான எங்கள் தோழியும் வங்கியில் இருக்கும் தோழியும் ரொறன்ரோவில் ஆசிரியையாக இருக்கும் தோழியும் இதையேதான் சொல்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இன்று வந்தோம்.

அன்று கரும்பலகையில் கணக்கு எழுதியவள் இன்று இந்த மண்டபத்தில் இல்லை. சாதாரண தரம் எழுதிய கையோடு அவள் பாடசாலையை விட்டுப் போனாள். அப்பா இறந்துவிட்டார், கீழே மூன்று தம்பி தங்கைகள். கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். பரீட்சை, பல்கலைக்கழகம் என்று நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம். தேடவில்லை. அவளிடம் அந்தச் சிரிப்புக்கு மன்னிப்பும் கேட்கவில்லை.

இந்த நூற்றாண்டு மலருக்காக முன்னாள் மாணவியரின் பட்டியல் தயாரித்தபோது நாங்களும் உதவினோம். மருத்துவர்கள், பொறியியலாளர்கள், ஆசிரியைகள், அதிபர்கள், அதிகாரிகள். பெருமையான பட்டியல். வாசித்து முடித்ததும் டீச்சரின் கேள்வி வந்தது. இந்தக் கதையில் பேசாதவர் யார்? பதினொன்றோடு நின்றவர்கள் இல்லை. தோட்டத்துக்கே திரும்பி இன்றைக்கும் கொழுந்து பறிப்பவர்கள் இல்லை. ஆடைத் தொழிற்சாலைக்கும் மத்திய கிழக்குக்கும் போனவர்கள் இல்லை. அவர்களும் இதே படிகளில் ஏறியவர்கள், இதே பாடசாலைக் கீதத்தைப் பாடியவர்கள். அவர்களும் பழைய மாணவியரே.

ஆகவே சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, ஒவ்வொரு ஆண்டு வகுப்பினரும் தங்களோடு படித்து இடையில் நின்றவர்களின் பெயர்களை நினைவுபடுத்தி எழுதித் தாருங்கள். அவர்கள் சம்மதித்தால் அடுத்த இதழில் அவர்கள் வாயால் அவர்கள் கதை வரட்டும். எழுத விருப்பமில்லாதவரிடம் போய்க் கேட்டு எழுத நாங்கள் ஆயத்தம். இரண்டு, சனிக்கிழமைகளில் இங்கே ஒரு வாசிப்பு வட்டம் தொடங்குவோம். ஒரு கதை, 40 நிமிடம். நோட்ஸ் கிடையாது. புத்தகங்களுக்கான செலவை எங்கள் வகுப்பினர் ஏற்கிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து அமர்வதற்கு எங்களில் ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறோம்.

எங்கள் டீச்சர் ஓய்வுபெற்று ஊர் திரும்பிப் பல வருடங்கள். தொலைபேசியில் இந்த விழாவைப் பற்றிச் சொன்னோம். முதலில் அவர் கேட்டது, "அந்தக் கணக்குச் சொன்ன பிள்ளை எங்கை இருக்கிறா?" என்பதுதான். எங்களிடம் பதில் இல்லை. இதை வாசிப்பவர்களில் யாருக்காவது தெரிந்தால் சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். அவள் பெயரை இங்கே அச்சில் போடவில்லை. அவளோடு படித்தவர்களுக்கு, இவ்வளவு சொன்னதே போதும்.